பாத்துக் குடுங்க

என் வீட்டுக்காரருக்கு நானூறு அடி உயரத்தில் ட்ரோனை அசையாமல் நிறுத்தி வைக்கத் தெரியும். ஆடி மாசக் காற்றில்கூடத் தென்னை மட்டையில் இடிக்காமல் கீழே கொண்டுவரத் தெரியும். இறங்கும்போது, "மெதுவா, மெதுவா எறங்கு சாமி" என்று அதைக் குழந்தையைப் போலக் கொஞ்சவும் தெரியும். ஆனால் எதிரே நிற்கிறவர், "எவ்வளவுப்பா ஆச்சு?" என்று கேட்டுவிட்டால் போச்சு. காதைச் சொறிவார், செருப்பைப் பார்ப்பார், கடைசியில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "அதென்னங்க, நீங்களே பாத்துக் குடுங்க" என்பார். அவர்களும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். அது பெட்ரோலுக்கே காணாது.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரி. கொசுறு கறிவேப்பிலை என்றாலும் சத்தமாகக் கேட்டு வாங்கி வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதில் ஒருவரை எனக்கே கட்டி வைத்திருந்தார்கள்.

அவர் அதற்கு முன்பு ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் ஊர்ப்பக்கத்து ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணற்றுப் போர் போட வடக்கே போகும். வடக்கே மழை பெய்கிற மாதங்களில் மட்டும் ஊருக்குத் திரும்பி ரிப்பேர் வேலை பார்க்கும். ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடும். கிளம்பினால் மாதக்கணக்கில் ஆள் வீட்டில் இல்லை. எங்கள் மகள் நடை பழகியதை அவர் போனில்தான் பார்த்தார். ஒரு தடவை ஊருக்கு வந்து வாசலில் நின்றவரைப் பார்த்தும், "அப்பா எங்கே?" என்று நான் கேட்டதற்கு அவள் என் போனைக் காட்டினாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

வடக்கே ஏதோ ஒரு வயற்காட்டில் நிலம் அளக்க யாரோ ட்ரோன் விட்டதைப் பார்த்து மனிதருக்கு ஆசை வந்தது. சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு வாங்கினோம். அவர் படித்து லைசென்ஸ் எடுத்தார். அவர் பறக்கவிடுவது, நான் வானத்தைப் பார்த்துப் பருந்து வந்தால் கத்துவது, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டுவது. இதுதான் ஏற்பாடு. அடுத்த ஆயுத பூஜைக்குள் ட்ரோன் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும், இல்லையென்றால் மறுபடி ரிக் வண்டி என்று பேசிக்கொண்டோம். ரிக்குக்குக் கொண்டுபோகும் பை பீரோ மேல் கட்டியபடியே கிடந்தது. உள்ளே ஒரு கனமான கம்பளி, ஜெர்க்கின், அலுமினியத் தட்டு. அவரும் பிரிக்கவில்லை. பிரித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு இன்னதுதான் விலை என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. அதனால் அவரவர் தன் தொழில் கணக்கைக் கொண்டுவந்து இதன் தலையில் வைப்பார்கள். லாரிக்காரர், "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்றார். இளம்பிள்ளையில் ஒரு சேலைக்கடைக்காரம்மா, "உருப்படிக்கு என்னங்க வெலை?" என்று கேட்டுவிட்டு, மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த சேலைகளை எண்ணத் தொடங்கினார். எண்ணுவதை நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் எல்லோரையும் மிஞ்சினார். புதுசாகக் கட்டிய ஷெட்டை மேலிருந்து படம் எடுக்கக் கூப்பிட்டார். போனதும், "சத்தம் கேட்டுக் கோழி மெரண்டுதுன்னா முட்டை கொறையுமுங்க, தூரமாவே பறக்கோணும்" என்றார். செத்த கோழிக்காக வட்டமடிக்கிற பருந்துகள் வேறு. நான் தலையை அண்ணாந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனேன். எல்லாம் முடிந்து நான் பேட்டரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அந்த மந்திரத்தைச் சொல்லிவிட்டார். பண்ணைக்காரர் அன்றைய முட்டை ரேட்டைப் போனில் பார்த்து, மனதுக்குள் ஏதோ பெருக்கி, அட்டை அட்டையாக முட்டையை அடுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் ட்ரோன் பெட்டி, ஒரு பக்கம் முட்டை. மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து பைக்கில் வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டேன். "யோவ், உனக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா? ஒரு ரேட்டு சொல்ல முடியாதா? இப்படியே பாத்துக் குடுங்க, பாத்துக் குடுங்கன்னு சொல்லிட்டே இரு. ஆயுத பூஜை வந்துரும். நீ பையத் தூக்கிட்டுப் போ. நானும் எம் பொண்ணும் முட்டையத் தின்னுட்டு ஒக்காந்திருக்கோம்!"

அவர், நான் வேகவைத்துக் கொட்டிய முட்டைகளை உரிக்க உட்கார்ந்தார். நாலைந்து உரித்த பிறகு தானாகவே சொன்னார். வடக்கே ஒரு விவசாயி. அந்த ஆள் காட்டிய இடத்தில் தொள்ளாயிரம் அடி போட்டும் தண்ணீர் இல்லை. கல் மாவுதான் வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. அந்த ஆள் புகைக்குள்ளேயே நின்றுகொண்டு, ஈரம் தெரிகிறதா என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தாராம். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்குக்குக் காசு வாங்க வேண்டும், அது தொழில் முறை. இவர்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தாளு சம்சாரம் கால் கொலுசக் கழட்டிக் கொண்டாந்து குடுத்துச்சு புள்ள. அதையும் வித்துத்தான் காசு வந்துது. நான் அவுங்க மூஞ்சியப் பாக்கல. வண்டிச் சக்கரத்தயே பாத்துட்டு நின்னு வாங்கீட்டேன். அன்னைல இருந்து எவ்வளவுன்னு எவுனாச்சும் கேட்டா எனக்கு நாக்கு எந்திரிக்கறதில்ல."

என் கோபமெல்லாம் போய்விட்டது. ஆனால் மளிகைக்கடைக்காரர் கொலுசுக் கதையைக் கேட்டுக்கொண்டு அரிசி கொடுக்க மாட்டார். "சரி, நீங்க விலை சொல்ல வேணாம். இனிமே நான் சொல்றேன். நீங்க அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க" என்றேன். ஒரு நியாயமான விலையும் போட்டோம். பேட்டரி தேய்கிற தேய்மானம், உடைகிற இறக்கை, பெட்ரோல், நான் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வலிக்க உட்காருகிற நேரம், பருந்து கொத்திவிட்டால் ஆகிற செலவு. எல்லாம் கூட்டி, அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் வாங்குவதையும் விசாரித்து, அரை நாளைக்கு ஏழாயிரம் என்று வைத்தோம். அதற்குக் கீழே போனால் எங்களுக்கு நஷ்டம். மேலே போனால் கேட்கிறவருக்கு அநியாயம். அவருக்கு அது அதிகமாகத் தெரிந்தது. எனக்குக் குறைவாகத் தெரிந்தது. அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த விலைக்குச் சில வேலைகள் வந்தன. ஆனால் போதவில்லை. வடக்கே மழை முடியப்போகிற சமயத்தில் பழைய ரிக் முதலாளி போன் செய்தார். புது வண்டி எடுத்திருக்கிறாராம், ஆயுத பூஜை கழிந்ததும் பூஜை போட்டு வடக்கே அனுப்பப்போகிறாராம், அதை மேலிருந்து படம் எடுக்க வேண்டுமாம். அத்தோடு இன்னொன்றும் சொன்னார். "டிரில்லர் எடம் காலியாக் கெடக்குது. யோசிச்சு வெய்யி."

நாங்கள் இரண்டு பேரும் பேசப் போனோம். நல்ல மனிதர்தான். கஷ்டம் என்றால் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தவர். என்னைப் பார்த்ததும், "வா அம்மிணி" என்று காபி சொன்னார். ட்ரோனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனப்பா, இது எத்தன அடி மேல போவும்?"

"நானூறுங்க மொதலாளி. அதுக்கு மேல போகக்கூடாதுங்க, சட்டம்."

"நானூறுதானா? நம்ம வண்டி ஆயிரத்தத் தாண்டுது. செரி, அடிக்கு எவ்வளவு?"

என் வீட்டுக்காரர் காதைச் சொறியத் தொடங்கினார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் அவர் காலை நன்றாக மிதித்துக்கொண்டு நான் சொன்னேன். "மேல போறதுக்குக் காசே இல்லீங்கண்ணா. பத்திரமா கீழ எறங்கறதுக்குத்தான் காசு. ஏழாயிரம்."

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அம்மிணி வெவரந்தான். ஏனம்மிணி, நம்ம பையங்கிட்ட வெல பேசறதா?"

"நம்ம பையன்னுதாங்கண்ணா ஏழாயிரம். வேற ஆளுன்னா கூடச் சொல்லியிருப்பேன்." பொய்தான். சாமி மன்னிக்கட்டும். "அப்புறம், வெடி போடறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்கண்ணா. புகை வந்தா படம் தெரியாது."

"வெடியெல்லாம் இல்ல" என்றார் முதலாளி.

பூஜை அன்று காலையில் காற்றே இல்லை. இரண்டு லாரிகள், ஒன்றில் போர் போடும் எந்திரம், மற்றதில் கம்ப்ரசர். இரண்டுக்கும் ஆளுயர மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முதலாளி கேட்டது ஒரே ஒரு காட்சிதான். பழத்தை நசுக்கிக்கொண்டு இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறுவது மேலிருந்து தெரிய வேண்டும். மகன் கல்யாணத்துக்கே இத்தனை ஆசைப்பட்டிருக்க மாட்டார். வண்டி நிற்கிற ஷெட்டு முற்றமெல்லாம் புழுதி. மோட்டாருக்குள் போய்விடுமே என்று அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் ட்ரோனை வைத்தோம். அது கிளம்பிய காற்றில் அட்டை தனியாகப் பறந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பூஜைக்கு வந்திருந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

தீபாராதனை முடிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். முதல் சக்கரம் பழத்தில் ஏறியதோ இல்லையோ, கேட்டு ஓரத்தில் படபடவென்று சரவெடி. முதலாளியின் மச்சான் ஆசையாக வாங்கி வந்து யாருக்கும் சொல்லாமல் விரித்து வைத்திருந்திருக்கிறார். ஆயிரம் வாலாவோ பத்தாயிரம் வாலாவோ, வெடித்துக்கொண்டே இருந்தது. காற்று இல்லாததால் புகை நகரவே இல்லை. என் வீட்டுக்காரர் ட்ரோனை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தார். ரிமோட்டுத் திரை முழுக்க வெள்ளை. புகை கலைந்தபோது இரண்டு வண்டியும் ரோட்டில் திரும்பிப் போய்விட்டிருந்தன.

"இன்னொரு தடவை எடுத்துடலாங்கண்ணா, வண்டியக் கொஞ்சம் பின்னாடி வரச் சொல்லுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பூஜை போட்டுக் கிளம்பின வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அந்த வருசத்துக் குழியெல்லாம் வறண்டு போகும் என்று நம்பிக்கை. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ட்ரோனை இறக்கியதும் முதலாளி வந்து திரையில் ஓட விட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது. கோபம் இல்லை, ஏமாற்றம். "என்னப்பா இது, பஞ்சு மூட்டையாட்ட இருக்குது? வண்டியவே காணோமே" என்றார். திரும்பி மச்சானை ஒரு முறை முறைத்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "செரி, உடு. படந்தான் வரலியே, அப்பறம் என்னத்துக்கு ஏழாயிரம்? பெட்ரோலுக்கு வாங்கிக்க. அடுத்த வாரம் நீயும் வண்டிக்குப் போயிரு. சம்பளத்துல பாத்துக்கலாம்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. படம் இல்லாமல் காசு கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இருக்கிற உறவும் போய்விடுமோ என்று பயம். அத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள். இத்தனை நாள் ஆடு ஆடென்று ஆடிய நான், காதைச் சொறியாத குறையாக, "சரிங்கண்ணா, நீங்களே பாத்துக் குடுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய ரிமோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இல்லீங்க மொதலாளி" என்றார். "ஏழாயிரமுங்க."

"படமே இல்லையேப்பா?"

"பறந்தது பறந்ததுதானுங்களே. வடக்க அந்தத் தொள்ளாயிரம் அடிக் குழி ஞாபகம் இருக்குதுங்களா? அன்னைக்கும் இப்புடித்தானுங்க வெள்ளையாப் பொகைதான் வந்துது. தண்ணி வரலீன்னு நாம உட்டமுங்களா? போட்டது போட்டதுதான், அடிக்கணக்குக்கு வாங்கீட்டு வான்னு நீங்கதானுங்க போன்ல சொன்னீங்க. நானும் போயி வாங்கிக் கொண்டாந்து குடுத்தனுங்க. அது நாயமுன்னா இதுவும் நாயந்தானுங்க."

குரல் உயரவில்லை. வரிக்கு வரி 'ங்க' குறையவில்லை. ஆனால் செருப்பைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். நான் ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

முதலாளி வண்டிகள் போன ரோட்டைப் பார்த்தார். என் வீட்டுக்காரரே மறுபடி சொன்னார். "மொதக் குழி பொகையாப் போச்சுன்னா ரெண்டாவது குழிக்கு நாம ரேட்டக் கொறைச்சுக்குவமல்லங்க? அது மாதிரி, உங்க ஊட்டுல அடுத்து எந்த விசேசம் வந்தாலும் நான் கொறைச்சுக்கறனுங்க. இன்னைக்கு வேலைக்கு மட்டும் ஏழாயிரமுங்க."

முதலாளி சட்டைப் பையில் கை விட்டார். மச்சான் பக்கம் திரும்பி, "கேட்டுக்க, உன்ற வெடிக்கு நாங் கட்டற காசு" என்றார். எண்ணி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப நீ வண்டிக்கு வாரதில்ல?"

"இல்லீங்க மொதலாளி."

"தெரியுது. இப்புடி வெல பேசறவன் எவன் டிரில்லராப் போவான்?" சிரித்தார். கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அந்தக் குழி ஞாபகம் இருந்திருக்கும்.

பைக்கில் வரும்போது நான் பின்னாலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். "அடுத்த விசேஷத்துக்கு ரேட்ட ஏன் கொறைச்சீங்க? யார் கேட்டா? எல்லாம் சரியாப் பேசிட்டுக் கடைசில கோட்ட விட்டாச்சு!" என்று முதுகில் ஒன்று வைத்தேன். "ஏம்புள்ள, பாத்துக் குடுங்கன்னு சொன்னது நானா நீயா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வரை நிற்கவில்லை. நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்திருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பையை இறக்கினார். "எங்க கிளம்பறீங்க?" என்றேன். அவர் முடிச்சை அவிழ்த்துக் கம்பளியை வெளியே எடுத்து உதறினார். எந்த ஊர்க் கல் மாவோ, அறை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. தும்மிக்கொண்டே சொன்னார். "இது கனமா இருக்குது புள்ள. அட்டையாட்டப் பறக்காது. நாலு மூலைக்கும் கல்லு வெச்சுட்டா, சாமி எறங்கறதுக்கு ஆவும்."

நான் அழுதுவிட்டேன். மகள் ஓடி வந்து, "ஏம்மா அழுவற?" என்று கேட்டுக்கொண்டே பையைக் கவிழ்த்து அலுமினியத் தட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். துவைக்காமல் அதில் ட்ரோனை இறக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கம்பளியைத் துவைகல்லுக்குக் கொண்டுபோனேன். எத்தனை அலசியும் தண்ணீர் வெள்ளையாகவே வந்தது. அலசிக்கொண்டிருந்தபோது வாசலில் அவர் போன் அடித்தது. அந்தக் கோழிப்பண்ணைக்காரர். பழைய படம் பிடித்துப் போய், தம்பி பண்ணைக்கும் எடுக்க வேண்டுமாம். எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் காதைச் சொறிந்தபடி என் பக்கம் பார்த்தார். நான் வேண்டுமென்றே குனிந்து கம்பளியைக் கும்மினேன்.

"ஏழாயிரமுங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "முட்டையா வேண்டாமுங்க" என்றார்.